குதிகால் மீமாம்சை

மனித சரீரத்தின் அவயவங்களுள் கண்ணையும் புருவத்தையும் இடையையும் பாடிப்பாடி ஓலைகளைத் தீர்த்த நம் கவிகள், அத்தனையையும் தாங்கி நிற்கும் குதிகாலுக்கு அம்மரியாதையில் நூற்றில் ஒரு பங்கும் செய்யாமற் போனதும், அதனை உடைய மாந்தரும் நாற்பது வயது வரையில் அப்படியோர் உறுப்புத் தமக்கு இருப்பதையே நினையாமல் காலங்கழிப்பதும், பின்னர் ஒருநாள் விடியற்காலையில் படுக்கையை விட்டெழுந்து முதலடி வைத்த க்ஷணம் முதற்கொண்டு வேறெதையும் நினைக்க இயலாதவராய் ஆகிவிடுவதும் சாஸ்திரீயமான விசாரணைக்குரியவை என்று துணிந்தே இதனை எழுதப் புகுந்தேன்.

விசாரணைக்குக் களமாகப் பண்பொழியை வரித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. செங்கோட்டைக்கு அருகே, மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த அவ்வூரில், அருணகிரிநாதரின் பாடல் பெற்ற திருமலைக் குமாரசுவாமி கோயிலுக்கு அறுநூறுக்கு மேற்பட்ட கற்படிகள் ஏறிச் செல்ல வேண்டும். இத்தொகையைத் திட்டமாகச் சொல்லுமாறு ஊரில் மூவரைக் கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். இடையிலுள்ள மண்டபத் தளங்களைப் படியென்று கொள்வதா, தரையென்று கொள்வதா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. குதிகால் நோவுள்ளவர்கள் கொடுக்கும் தொகை எப்போதும் பெரியதாகவே இருக்கும். அவர்கள் சில படிகளை இரண்டு முறை எண்ணுகிறார்கள் என்பது என் ஊகம்.

முதலில் நூற்சான்றுகளை நோக்குவோம். மலையேறும் வழியில் சந்நிதி கொண்டிருக்கும் இடும்பன், இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்தவன்; அப்பாரம் முழுவதும் இறங்கிச் சேர்ந்த இடம் அவன் குதிகாலே அன்றி வேறில்லை என்றாலும் புராணம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. இக்கோயிலின் மண்டபத் திருப்பணிக்காகக் கல்தூண்களை மலைமேல் ஏற்றுவித்ததாக ஊரார் இன்றும் போற்றும் சிவகாமி பரதேசி அம்மையாரின் பக்தியைப்பற்றிக் கதைகள் உண்டு, பாதத்தைப்பற்றி இல்லை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலோ, தேசமெல்லாம் குறி சொல்லி நடந்து திரும்பிய சிங்கியின் காலில் கிடந்த சிலம்பை விரியன் பாம்பென்று ஐயுற்று விசாரிக்கும் சிங்கன், ஒவ்வோர் ஆபரணமாகக் கேட்டுக்கொண்டே மேலேறிப் போகிறானே தவிர, இவ்வளவு தூரம் நடந்தாயே, குதி வலிக்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டானில்லை. புருஷர்களின் சுபாவம் அன்றும் அப்படியே இருந்திருக்கிறது. வாய் திறந்து பேசியவர் சுசுருதர் ஒருவரே. மேடுபள்ளத்தில் அடி பிசகி வைப்பதால் வாயுவானது கணுக்காலைப் பற்றி நின்று செய்யும் நோவுக்கு வாதகண்டகம் என்று பெயரிட்டு, வைத்தியமும் வகுத்துவைத்தார்.

நவீன வைத்தியர்கள் சொல்வது இது. குதிகால் எலும்பின் அடியில் தோன்றி விரல்களின் வேர்வரையில் ஓடும் தடித்த நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலின் வளைவைத் தாங்கி நிற்கிறது. விரல்கள் மேல்நோக்கி மடங்குந்தோறும், கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வது போல, அப்பட்டை விரலடியில் சுற்றி இறுகி வளைவை உயர்த்துகிறது என்பதை ஹிக்ஸ் என்பார் 1954-இல் விளக்கி எழுதினார். படியேறுகிறவர் பின்காலை எடுக்கும்போது குதி எழும்பி விரல் மடங்குகிறதாகையால், திருமலையில் ஒரு தரம் ஏறுவதென்பது அந்தப் பட்டையை நூற்றுக்கணக்கான தடவை முறுக்குவதேயாகும். இருபதில் இதனைப் பொறுத்துக்கொள்ளும் பட்டை நாற்பதுக்குமேல் பொறுப்பதில்லை; கெண்டைக்கால் சதை இறுகிப்போவதும், தேகபாரம் ஏறுவதும், நாள் முழுதும் கடுந்தரையில் நிற்கும் உத்தியோகமும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. பாத்திரம் துலக்கியும் தோசை வார்த்தும் நிற்கிற இல்லத்தரசியின் உத்தியோகத்தையும் இக்கணக்கிலிருந்து நீக்கலாகாது. எக்ஸ்ரே எடுத்து, குதியில் எலும்பு முள்ளாய் வளர்ந்திருக்கிறது என்று காட்டப்பெற்றவர்கள் அந்தப் படத்தை உறவினர்க்கெல்லாம் காட்டி ஒருவிதப் பெருமை கொள்வதுண்டு. நோவே இல்லாத அநேகருக்கும் அம்முள் இருக்கிறது என்பதைச் சொல்லி அவர்கள் மனத்தைப் புண்படுத்தலாமா என்பது தனிக் கேள்வி.

இனி வாதிகளின் மதங்களை எடுத்துக்கொள்வோம். ஓய்வுவாதி, வலிக்கும் கால் நடக்கலாகாது என்பான். அவனை நெடுநேரம் கண்டிக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் சாய்வு நாற்காலியைப் பிரியாதவனுக்குத் தொந்தி வளர்வதும், அந்தத் தொந்தியை மறுபடி அதே குதிகால் சுமக்க வேண்டி வருவதும் பிரத்யட்சம். வைராக்கியவாதியின் கதை இதனினும் பரிதாபமானது. ஆண்டு முழுவதும் தெருமுனைப் பெட்டிக்கடைக்கும் மோட்டார் சைக்கிளிலே போய்வந்துவிட்டு, தைப்பூசத்தன்று திடீரென்று பக்தி மேலிட்டு, நடுவட்டப் பிள்ளையாரிடத்திலும் நில்லாமல் ஒரே மூச்சில் உச்சியேறி, கீழே இறங்கி வந்து, மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கப்பிரதட்சிணத்துக்கு அடுத்த வேகத்தில் செல்கிறவன் அவனே. மூன்றாமவன் சாலைவாதி. மலைமேல் இப்போது வாகனம் போகப் பாதை இருக்கிறது. படி ஏறுவது மூடபக்தி என்பது அவன் கட்சி. அவனைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

சித்தாந்தம் யாதெனில், நடையை விடவும் கூடாது, நோவை வெல்லவும் புகக்கூடாது. ஏறும்போது சிறிது நோகலாம். அந்த நோவு அன்றிரவே தணிந்து, மறுநாள் காலை வைக்கும் முதலடி முந்தைய நாள் வைத்ததைக் காட்டிலும் மோசமாக இல்லாதிருந்தால் ஏறிய அளவு சரி; மோசமாக இருந்தால் அடுத்த முறை பாதியில் நிற்க வேண்டும். மறுநாட் காலையின் முதலடியே இவ்விவகாரத்தில் நியாயாதிபதி. அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை. பாதியில் நிற்பதற்குத் தகுந்த இடமாக நடுவட்டத்தில் பிள்ளையாரைப் பிரதிஷ்டை செய்த முன்னோர் இதனை உணர்ந்தே செய்தார்கள் என்று நிரூபிக்க என்னிடம் சாசனம் இல்லை. எனினும் அவர்கள் இளைஞர்களை மட்டும் உத்தேசித்திருந்தால் அடிவாரத்தையும் உச்சியையும் விட்டு நடுவழிக்கு வந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சித்தாந்தத்துக்கு எதிர்பாராத திசையிலிருந்து அரண் கிடைத்திருக்கிறது. டென்மார்க் தேசத்தில், இயற்கையான மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்துக்கு மேல் 171 மீட்டரை எட்டாத அந்தச் சமவெளியில், 2014-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், குதிகால் நோவுள்ள 48 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராரைக் காலை நீட்டி இழுத்துவிடும் பயிற்சியிலும், மற்றொரு சாராரைப் படிப் பயிற்சியிலும் விட்டார்கள். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூன்று விநாடியில் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குவது அப்பயிற்சி. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் படிக்காரர்களே அதிகம் தேறினார்கள்; ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். மலையே இல்லாதவர்கள் ஒரு படியைக் கொண்டு இவ்வளவு சாதித்திருக்க, அறுநூறு படிகளை வாயிலில் வைத்துக்கொண்டிருக்கும் நாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினோமே தவிர, விரலுக்கடியில் வைக்க வேண்டும் என்று அறிந்தோமில்லை.

காலத்தைப்பற்றிய சிக்கல் ஒன்று உண்டு. கோயிற்படியில் பாதரட்சை ஆகாதாகையால், வெயில் ஏறிக் கல் கொதிப்பதற்கு முன்பே ஏறிவிட வேண்டும். குதிகாலோ விடியற்காலையில்தான் மிகுதியாக நோகும். கல் குளிர்ந்திருக்கும் நேரத்தில் கால் இணங்காது. கால் இணங்கும் நேரத்தில் கல் இடங்கொடாது. படுக்கையில் உட்கார்ந்தபடியே பாதத்தை மறு தொடையின்மேல் வைத்து, கையால் விரல்களை முழங்காலை நோக்கி வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடித்துவிடுதலைப் பலமுறை செய்த பின்பே தரையில் கால் வைப்பது ஒரு பரிகாரம். ஆனி, ஆடிச் சாரலில் கல் பகலிலும் குளிர்ந்திருக்கும், அப்போது வழுக்கும்.

பாதரட்சை என்றதும் எம்.சி.ஆர். செருப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று தென்காசிக் கடைவீதியில் குதிகால் நோவென்று வாயெடுத்தவுடன் கடைக்காரர் எடுத்துக் காட்டும் அந்த மெத்தென்ற ரப்பர்ச் செருப்பின் பூர்வோத்தரம் வியக்கத்தக்கது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய சர்ஜன், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் கைகால்கள் அழிவதற்குக் காரணம் அந்நோய் சதையைத் தின்பது அன்று, நரம்பு மரத்து நோவுணர்ச்சி அற்றுப்போவதே என்று கண்டார். ஆணி ஏறினாலும் தெரியாமல் நடந்து நடந்து பாதம் புண்ணாகிறவர்களுக்காக, நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பரில் அவரும் அவருடைய சகாக்களும் செய்வித்த பாதரட்சை இது. ஆக, நோவு என்பதே அறியாத பாதங்களுக்கென்று பிறந்த செருப்பை, நோவைத் தவிர வேறொன்றும் அறியாத பாதங்கள் இன்று விலைக்கு வாங்குகின்றன. இதிலிருந்து ஓர் உபவிதியும் பெறப்படும்: சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர், தமக்குக் குதி நோகவில்லை என்ற தைரியத்தில் வெறுங்காலோடு நண்பகற் கல்லில் ஏறுவாரானால், நோகிறவரைக் காட்டிலும் அவரே ஆபத்தில் இருக்கிறார். அவருக்குச் சாலைவாதமே சாஸ்திரம். மரமரப்போ வீக்கமோ உள்ளவர்களும், விழுந்தபின் நோவு கண்டவர்களும் இக்கட்டுரையை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போவது உத்தமம்.

இச்செருப்பை வீட்டுக்குள்ளும் அணிய வேண்டும் என்கிறார்கள். மண்தரை போய், சிவப்புச் சிமெண்டுத் தரை போய், டைல்ஸ் வந்துவிட்ட வீடுகளில் இது நியாயமே. ஆனால், “ஏல, சாமி படம் இருக்க வீட்டுக்குள்ளயா செருப்புப் போடுதே?” என்று கேட்கும் தாயாருக்கு மறுமொழி சொல்ல ஹிக்ஸாலும் ஆகாது, டென்மார்க்காலும் ஆகாது.

குற்றாலத்தை விட்டுவிட்டால் இப்பக்கத்தார் என்னை மன்னிக்கமாட்டார்கள். எல்லா நோய்க்கும் அருவியே மருந்து என்று நம்புகிறவர்கள் ஐந்தருவியில் அரைமணி நேரம் நின்று பார்க்கிறார்கள். தோளும் கழுத்தும் இளகுகின்றன என்பது மெய். ஆனால் அருவி விழுவது தலையில். குதிகாலுக்கு வந்து சேர்வது அதற்கு முன்னமே பலர் தலையைக் கழுவி இறங்கிய தீர்த்தம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரும் உச்சந்தலையில் தாளம் போட்டு, முதுகில் மத்தளம் வாசித்து, பாதத்துக்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார். கெண்டைக்காலிலிருந்து தொடங்குமாறு அவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது விவேகம்.

எஞ்சியது சாலைவாதியின் வழக்கு. படியில் ஏறினால் குதிகாலின் பட்டை இறுகுகிறது; படியில் இறங்கினால் முழங்கால் முறையிடுகிறது. ஆகவே குதிகால் கட்சி, வண்டியில் ஏறிப் படியில் இறங்கு என்கிறது. முழங்கால் கட்சி, படியில் ஏறி வண்டியில் இறங்கு என்கிறது. இரண்டும் ஒரே நடுவயதினரின் சரீரத்தில் குடியிருக்கையில் தர்க்கரீதியாகக் கிடைக்கும் முடிவு, இரு வழியும் வண்டியிலே போவதுதான். இவ்வாதத்தை முறியடிக்க நான் செய்த பிரயத்தனங்கள் யாவும் வீணாயின. ஆனால் அவ்வாறு சௌகரியமாய் மேலே வந்து இறங்கி, வேட்டி மடிப்புக் கலையாமல் குமாரசுவாமியைத் தரிசித்துவிட்டு, அப்படியே உச்சிப்பிள்ளையாரையும் பார்த்துவிடலாமே என்று திரும்புகிற சாலைவாதிக்கு முன்னால் பதினாறு படிகள் நிற்கின்றன. அவற்றை அவன் நடந்துதான் ஏறியாக வேண்டும்.