கொடியைச் சுத்தி வாற மாடு

ஏய்யா பேராண்டி, சென்னையில முழு மாரத்தானை நாலு மணி நேரத்துல முடிக்கப் போறியாமே. உங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு வாரா. எதுக்குய்யா நாலு? மூணுன்னே வச்சிருக்கலாம். நினைப்புக்கு என்ன, தீர்வையா கேக்காக?

கோவிச்சுக்கிடாதே. போன மாசம் பாதித் தூரத்தை 2 மணி 10 நிமிசத்துல ஓடிட்டு, ரோட்டோரமாக் குத்தவச்சுட்டேன்னு நீதான சொன்னே? உன் தம்பி செல்போனைத் தட்டிச் சொல்லுதான்: அன்னைக்கு உன் ஓட்டம் கிலோமீட்டருக்கு 6 நிமிசம் 10 செகண்டு. நாலு மணிக்கு முடிக்கணும்னா 42 கிலோமீட்டரும் 5 நிமிசம் 41 செகண்டுல போகணுமாம். பாதி வழியில மூச்சு வாங்குன மாடு, ரெண்டு பங்கு வழியை அதைவிட வெரசாப் போகப் போகுது! விளாத்திகுளம் பக்கம் எத்தனையோ வண்டிப் பந்தயம் பாத்துட்டேன், இந்த ரகம் மட்டும் கண்ணுல படல. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு ஏன் பிரிச்சு வச்சிருக்காகன்னு நினைக்கே? மாடு கோவிச்சுக்கிடுமேன்னா?

அமெரிக்காவுல பீட் ரீகல்னு ஒரு இன்ஜினியர். 1977-லயே இதுக்கு வாய்ப்பாடு போட்டு வச்சிட்டாராம். தூரம் ரெண்டு மடங்கானா, நேரம் ரெண்டு மடங்கோட நிக்காது, மேல பாதித் தூர நேரத்துல நூத்துக்கு எட்டரை கொசுறு. உனக்கு 260 நிமிசமும் கொசுறு 11-ம். ஆக நாலரை மணியும் ஒரு நிமிசமும். அதுவும் வாராவாரம் நீள ஓட்டம் ஓடிப் பழகின காலுக்கு. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி வரைக்கும் போர்வைக்குள்ள கிடக்குற காலுக்கு அவரு கணக்கு எழுதலையே.

முப்பது கிலோமீட்டர் வாக்குல குலுக்கை காலியாயிரும்யா. உடம்பு சேத்து வச்ச சர்க்கரை அவ்வளவுதான். முன்னாலயே தாம்தூம்னு ஓடுதவனுக்கு இன்னும் சீக்கிரம் தீந்திரும். அதுல சென்னைக் கடல் காத்து வேற: வேர்வை ஊத்தும், காயாது. காயாத வேர்வை சூட்டை எப்படி எடுத்துட்டுப் போகும்?

2023-ல சிகாகோவுல கெல்வின் கிப்டம்னு ஒரு கென்யாக்காரப் பிள்ளை 2 மணி 35 செகண்டுல முடிச்சிருக்கான். முதல் பாதி 60 நிமிசம் 48 செகண்டு, பின்பாதி 59 நிமிசம் 47 செகண்டு. வண்டிப் பந்தயத்துல பாதி வழிக் கொடியைச் சுத்தித் திரும்புற மாதிரி, பாதி தாண்டின பிறவு வேகம் கூடியிருக்கு பாத்தியா! அதுதான்யா சாரதி. நம்ம ஊர்ல சிலபேரு எல்கை தாண்டு முன்னாலயே தார்க்குச்சியை வீசி, திரும்பி வாறப்ப வண்டியைத் தானே இழுத்துட்டு வருவாக.

அது போகட்டும், இந்த நாலு மணி எங்கெருந்து வந்துச்சு? கிட்டத்தட்ட ஒரு கோடி பேரு ஓடி முடிச்ச நேரத்தை எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காக. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால குமியாக் குமிஞ்சு கிடக்காம். செருப்புக்கடையில 999 ரூவான்னு ஒட்டி வைக்கான்லா, அதே சங்கதி. முழு எண்ணு மேல மனுசனுக்கு அம்புட்டு மோகம். காலுக்கு முழு எண்ணும் தெரியாது, அரை எண்ணும் தெரியாது.

ஒரு யோசனை சொல்லுதேன், வெளிய சொல்லாதே. மனசுக்குள்ள நாலே முக்கால்னு வச்சுக்கோ. மாமனார் வீட்டுல அஞ்சே காலுன்னு சொல்லு. அஞ்சு மணிக்கு வந்து சேந்தாக்கூட அவுகளுக்கு நீதான் சூரன். மச்சினன் தோள்ல தூக்கிட்டு ஆடுவான். நாலுன்னு சொல்லிட்டு அஞ்சுக்கு வந்தியோ, அதே மச்சினன் பந்திக்குப் பந்தி சொல்லிச் சிரிப்பான்.

சரி, அந்தப் பச்சைச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வா. கிணத்தடிக்குப் போக வர எத்தனை நிமிசம் ஆகும்? இப்பவே சொல்லிட்டுப் போ.