திரையில்லாத் தபால்: கல்முனைக் கரையில் ஒரு கடித உறையின் விற்பனை குறித்த ஆராய்ச்சி

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். காரைதீவுக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதுக்காரனாகிய நான், வழக்கொழிந்துகொண்டிருக்கும் கடித உறையை ஆராய மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். யாழின் வகைகளிலும் நரம்புகளிலும் அறிஞர்களுக்குப் பிணக்கு உண்டு. கடித உறைக்கு மடிப்பு நான்கு என்பதில் எவருக்கும் பிணக்கில்லை. அந்த அளவில் என் வேலை இலகு.

ஆராய்ச்சிக்குக் காரணம் என் தங்கச்சியின் மகள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் போனை விட்டு எழும்புகிறார்கள் இல்லை என்று தாய்மார் அழுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதம் ஒரு கடிதம், பிள்ளையின் பெயருக்கே, தபாலில் வரும். எழுதுவது ஒரு கடலாமை. உள்ளே ஆமையின் பயணக் கதை, ஒரு புதிர், வெட்டி ஒட்ட ஒரு படம், பதில் எழுத முத்திரை ஒட்டிய உறை. ஆறு வயது முதல் பத்து வயது வரை. நோட்டீஸுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று என்னிடம் வந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியனிடம் தலைப்புக் கேட்பது எவ்வளவு ஆபத்தானது என்று அவளுக்குத் தெரியாது. ‘திரையில்லா விளையாட்டு’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பிழை அங்கேதான் தொடங்கியது. தமிழில் திரை என்றால் போன் கண்ணாடி மட்டுமல்ல. கடலின் அலையும் திரை, வாசலில் தொங்கும் சீலையும் திரை, நரை திரை மூப்பு என்னும் வரிசையில் தோலில் விழும் சுருக்கமும் திரை. இத்தனை பொருளையும் வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் ஊரில் அந்தச் சொல்லை அச்சடித்தால் என்ன நடக்கும்? தோணிக்காரர் ஒருவர் நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “திரையில்லாத நாளெண்டா வாடைக் காத்து போகோணும் சேர், சித்திரை வரைக்கும் பொறுங்க” என்றார். கடல் அடங்கும் காலத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப்போகிறோம் என்று நினைத்திருக்கிறார். நான்காவது பொருளான சுருக்கத்தால் வந்த சிக்கலைக் கடைசியில் சொல்கிறேன். ஆய்வில் பரபரப்பு வேண்டும் அல்லவா.

இனி முன்னோர் வரலாறு. கடிதமும் பிள்ளையும் சேர்ந்த கதை பழையது. நம் சிற்றிலக்கியங்களில் கிளியைத் தூது விட்டார்கள், நெஞ்சைத் தூது விட்டார்கள், ஒரு புலவர் புகையிலையைக்கூடத் தூது விட்டார். ஆமையை விட்டவர் எவரும் என் கண்ணில் படவில்லை. காரணம் வெளிப்படை: தலைவி கிழவியாகிவிடுவாள். அமெரிக்காவில் 1914 பெப்ரவரி 19ஆம் திகதி, ஐடஹோ மாநிலத்தில், மே பியர்ஸ்டோர்ஃப் என்ற ஐந்து வயதுச் சிறுமியையே அவளுடைய பெற்றோர் பொதித் தபாலில் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பயணச்சீட்டை விட முத்திரை மலிவு. பொதிக்கு 50 இறாத்தல் வரை அனுமதி, பிள்ளை நாற்பத்தெட்டரை. கோட்டில் 53 சதத்துக்கு முத்திரை ஒட்டி ரயிலின் தபால் பெட்டியில் ஏற்றினார்கள். இதுவும் திரையில்லா விளையாட்டுத்தான். பிற்பாடு தபால் திணைக்களம் மனிதரை ஏற்பதில்லை என்று தடுத்துவிட்டது.

அதை விட நாகரிகமான முறை 1995இல் கனடாவில் வந்தது. அறிவிப்புப் பலகை விழுந்து அப்பளமாகத் தட்டையாகிப் போன ஸ்டான்லி என்ற பையன், உறைக்குள் மடிந்து தபாலில் ஊர் போகும் கதையை ஜெஃப் பிரவுன் 1964இல் எழுதியிருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தில் லண்டன் என்ற ஊரின் ஆசிரியர் டேல் ஹூபர்ட் அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் காகிதத்தில் ஸ்டான்லியை வெட்டி வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்குள்ள பிள்ளைகள் அவனை ஊர் சுற்றிக் காட்டி, கண்டதை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். 1874இல் தொடங்கிய உலகத் தபால் ஒன்றியமும் 1971 முதல் 9 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் கடிதப் போட்டி வைக்கிறது. நமக்கும் பரம்பரை இல்லாமலில்லை. பத்திரிகையில் பேனா நண்பர் பகுதி பார்த்து முகம் தெரியாதவனுக்கு எழுதியவர்கள் நாங்கள். வானொலிக்குத் தபாலட்டை போட்டு, பெயர் வாசிக்கும் நேரம் ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சத்தத்தைக் கூட்டி வைத்தவர்கள். பெருநாள் வந்தால் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டை தொங்கும். அடுத்த வாங்கில் இருக்கிறவனுக்கே முத்திரை ஒட்டி அனுப்புவோம். இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது 1857 ஏப்ரில் 1ஆம் திகதி. திகதியைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது சந்தை. ஒரு கடிதத்துக்கு அடிப்படைத் தேவை காகிதமல்ல, தூரம். எங்கள் கரையில் இல்லாத பொருள் அதுதான். மருதமுனையில் தொடங்கிக் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று பிரதான வீதியில் வீட்டுக்கு வீடு ஒட்டியபடி ஊர் வருகிறது. எது எங்கே முடிகிறது என்பது அரசியல்வாதிகளுக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரியும். போதாததற்குக் கலியாண முறை. பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். வளவைப் பிரித்து மூத்தவளுக்கு முன்பக்கம், இளையவளுக்குப் பின்பக்கம். ஆகவே பிள்ளைக்குச் சாச்சி வீடு வேலிக்கு அங்கால, மூத்தம்மா வீடு கிணற்றுக்கு இஞ்சால. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி இந்தத் தாய்வழிக் குடிமுறையை ஆராய்ந்து 2008இல் பெரிய நூலே வெளியிட்டார். இம்முறையால் தபால் திணைக்களத்துக்கு ஏற்பட்ட வருமான இழப்புக்கு அதில் ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கலாம். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இனசனம் முழுவதும் இருக்க, பிள்ளை ஆருக்குக் கடிதம் எழுதும்? ஆமைக்குத்தான் எழுத வேண்டும். மருமகளின் கெட்டித்தனம் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது.

அடுத்து முகவரி. எம். ஐ. எம்., ஏ. எல். எம்., எம். எஸ். எம். என்று எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்து வரும். அவற்றில் ஒன்றாவது ‘எம்’ ஆக இருக்கும். பெரும்பாலும் அது முகம்மது. ‘எம்’ என்பது யாம் என்பதன் திரிபு, தன்மைப் பன்மை, ‘எங்களுடைய’ என்று பொருள்படும் என இலக்கணம் அறிந்தோர் அறிவர். தபால்காரரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார், எல்லாரும் எம்மவர். முதல் மாதம் அனுப்பிய மாதிரிக் கடிதங்களில் ஒன்று பிள்ளையின் பெயரிலேயே இருந்த அறுபது வயது நெல் வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் புதிரை விடுவித்துப் பதிலும் போட்டிருந்தார். விடை சரி.

பதிவுத் தபால் என்ற யோசனையையும் சோதித்தோம். செய்யக் கூடாது. எங்கள் பக்கம் பதிவுத் தபால் வந்தால் ஒன்று வங்கி, இல்லாவிட்டால் வழக்கு. கையெழுத்துப் போடச் சொன்னதும் ஒரு தாய் கை நடுங்கி, “ஏழு வயசுப் புள்ளைக்கி ஆரு வழக்குப் போட்ட?” என்று கேட்டிருக்கிறா. “பார்சல்” என்று சொன்னால் அதற்கும் வேறு பொருள். “ஒங்கட புள்ளைக்கி மாசம் ஒரு பார்சல் வரும்” என்றதற்கு, “கோழியா மாடா?” என்று ஒரு வாப்பா கேட்டார். சோத்துப் பார்சல் என்று எண்ணி முன்பணம் தரவும் தயாராக இருந்தார். உள்ளே காகிதம்தான் என்றதும் காசு சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது.

விலையும் ஒரு கேள்வி. சாதாரணக் கடிதத்துக்குக் குறைந்த கட்டணம் 2022 ஓகஸ்ட் 15 முதல் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாய் ஆனது. போகவும் வரவும் முத்திரைக்கு மட்டும் நூறு. ஆனால் பெற்றோர் கேட்ட கேள்வி விலை பற்றியது அல்ல. “புலமைப்பரிசிலுக்கு வருமா?” ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையில் வராத எதையும் பத்து வயதுக்கு முன் தொடுவது எங்கள் ஊரில் வீண்செலவு. ஆமையின் புதிரில் ஒரு கணக்கு இருக்கிறது என்றேன். “அப்ப ஆமைய டியூஷன் தரச் செல்லுங்க” என்றார்கள். பிள்ளைக்கு நேரமும் இல்லை. காலையில் பள்ளிக்கூடம், மத்தியானம் டியூஷன், பின்னேரம் ஓதப் போக வேண்டும். மஃரிபுக்குப் பிறகு மிஞ்சுகிற அரை மணித்தியாலத்துக்குத்தான் போனும் ஆமையும் சண்டை பிடிக்கின்றன. இதில் பிள்ளையைக் குறை சொல்பவன் நான் அல்ல. எனக்கும் அந்த அரை மணித்தியாலத்தில் போன்தான் கையில்.

விளம்பரத்துக்கு எங்கள் ஊரின் முறைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருபவர்களிடம் நோட்டீஸ் கொடுத்தோம். அதை மடித்து விசிறிக்கொண்டு போனார்கள். சூன் பாண் ஓட்டோக்காரரைக் கேட்டோம். பீத்தோவன் ‘எலீஸுக்காக’ அமைத்த இசையைப் போட்டுக்கொண்டு இலங்கை முழுக்கப் பாண் விற்பவர்கள் அல்லவா. அவருக்கு ஐந்து நோட்டீஸ் கொடுத்தால் ஐந்தையும் பணிஸ் சுற்றத்தான் எடுப்பார் என்று தெரிய வந்தது. கடைசியில் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். திரையில்லா விளையாட்டுக்கு அன்று மட்டும் ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவரும் காசு காட்டவில்லை.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு மூத்தம்மா வந்தா. பேரனுக்கு வந்த மாதிரிக் கடிதத்தைக் கையில் வைத்திருந்தா. வாசிக்கவில்லை. உறையை முகத்துக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தா.

அவ கலியாணம் கட்டி நான்காம் வருடம் மூத்தப்பா சவூதி போனார். எண்பதுகள். எங்கள் ஒழுங்கையில் ஆம்பிளைகள் பாதிப் பேர் அப்போது அங்கேதான். தபால்காரர் மணியடித்துக்கொண்டு திரும்பும் நேரம் வேலிக்கு வேலி பொம்புளைகள் நிற்பார்கள். கடிதத்தில் எழுத முடியாததைக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். கடிதத்துக்கு ஒரு பிளேன்டி கூலி. என் ஆய்வுத் தகுதி அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கடிதங்களை மூத்தம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தா. 2004 டிசெம்பர் 26 காலை வந்த திரை வீட்டோடு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர் போன நாளில் ஒரு பெட்டி எம்மட்டுக்கு? அதைப் பற்றி அவ ஒரு நாளும் கதைத்ததில்லை. அன்று கதைத்தா.

பிறகு பேரனிடம் கேட்டா: “மனே, அடுத்த கடிதம் எப்ப வரும்?” அவனுக்குத் தெரியாது. ஆமை எங்கே நிற்கிறது என்றா. திருகோணமலைக்குக் கிட்ட என்று கடிதத்தில் இருந்தது. அன்று முதல் பின்னேரத்தில் இரண்டு பேரும் படலையடியில் நின்றார்கள், ஆமையின் வேகம் என்ன, காற்று எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்தபடி. போன் உள்ளே தனியாகக் கிடந்து கத்தியது.

விற்பனைச் சாத்திரத்துக்கு என் பங்களிப்பு இதுதான்: நாங்கள் மூன்று மாதமாகக் காகிதத்தை விற்கப் பார்த்தோம், பொருள் அதுவல்ல, வரும் வரும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நாட்கள்தான் சரக்கு, கடிதம் அதன் உறை. தாய்மாருக்கு அந்தச் சரக்கு தெரியாது. அவர்கள் வளர்ந்த காலத்தில் வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. தாயின் தாய்க்குத் தெரியும். இதன்படி பார்த்தால் தபால் தாமதம் குறைபாடே அல்ல. 2018 ஜூனில் தபால் ஊழியர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, எங்கள் நிறுவனம் அப்போது இருந்திருந்தால் அதே விலைக்கு இரட்டிப்புச் சரக்குக் கொடுத்திருப்போம். இந்தக் கொள்கையை மருமகளிடம் விரிவாக விளக்கினேன். “மாமா, நோட்டீஸ மாத்தித் தாங்க, அது போதும்” என்றாள். புதிய நோட்டீஸில் திரை இல்லை. ‘மூத்தம்மாமாருக்கு ஒரு செய்தி’ என்று தொடங்குகிறது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். காசு கட்டியவர்கள் எல்லாரும் சீலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவர்கள்.

எதிர்வீட்டு மூத்தம்மாவும் வந்தா. பேரனுக்குக் கட்டிவிட்டு, இன்னொரு படிவம் கேட்டா. வேறு பேரப்பிள்ளையா என்றாள் மருமகள். இல்லையாம், தன் பெயருக்கு. வயது ஆறு முதல் பத்து வரை என்று அச்சடித்திருக்கிறதே என்று அவள் தயங்க, பழைய நோட்டீஸ் என் நினைவுக்கு வந்தது. திரையில்லா விளையாட்டு. இலக்கணப்படி பார்த்தால் முகம் நிறையத் திரை விழுந்தவருக்கு இதில் இடமே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மூத்தம்மா படிவத்தைப் பார்த்தா, வயது என்று இருந்த இடத்தைக் காட்டச் சொன்னா.

“அறுபத்தெட்டுத்தானே. ஆறப் போடாத, எட்ட மட்டும் எழுது மனே.”