ரோஜாவைச் சுவரேற்றுவது எப்படி?

இங்கிலாந்தில் வீடு வாங்கிவிட்டீர்கள். வாசல் நிலைக்கு மேலே ரோஜா கொத்துக் கொத்தாகத் தொங்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வீட்டுக் கடன் முடிய இருபத்தைந்து வருடம். இதற்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். தைரியமாக இறங்கலாம்.

ஆசைக்குக் காரணம் படங்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹெலன் அலிங்ஹாம் என்ற ஓவியர் சர்ரே பக்கத்துக் குடிசை வீடுகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளினார். வேய்ந்த கூரை, வேலியோரம் பூக்காடு, கதவருகே குழந்தையோடு ஒரு பெண். அந்த மாதிரி வீடுகளில் உண்மையில் குடியிருந்தவர்கள் பண்ணைக் கூலிகள். அவர்கள் தோட்டத்தில் முக்கியமானவை முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். வசதியிருந்தால் பின்னால் ஒரு பன்றி. பூவுக்கு மிச்சமிருந்த மூலைதான். பன்றியைக் கழித்துவிட்டுப் பூவை மட்டும் நாகரிகமாக்கிய பெருமை வில்லியம் ராபின்சன், கெர்ட்ரூட் ஜீக்கில் போன்ற தோட்டக்கலைஞர்களைச் சேரும். யாரும் கை வைக்காமல் தானாக முளைத்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது அவர்கள் பாணி. அப்படித் தோன்ற வைப்பதற்கு இருவரிடமும் சம்பளத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். உங்களிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் மழை பெய்யாவிட்டால்.

இனி செடி. சுவரில் ஏறவும் வேண்டும், ஜூனில் தொடங்கி அக்டோபர்வரை திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும் என்று கேட்பீர்கள். ரோஜாவுக்கு இவை இரண்டும் எதிரெதிர் வேலைகள். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு தடவை பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் கப்பலேறி வந்த பிறகுதான் மறுபூப்பு இங்கே கலப்பினங்களில் பரவியது. சீன ரோஜாவுக்கு அந்தக் குணம் வந்தது ஒரு விபத்தால். ‘இப்போது பூக்காதே, பொறு’ என்று அதட்டும் மரபணுவுக்குள் எங்கிருந்தோ ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதன் வாயை அடைத்துவிட்டது. அதட்ட ஆளில்லாததால் தளிர் விட்டதெல்லாம் நுனியில் மொட்டு வைக்கிறது. மொட்டு வைத்த தளிர் அதற்கு மேல் நீளாது; செடி குட்டையாகவே நிற்கும். உயர ஏற வேண்டுமானால் பூப்பதைத் தள்ளிப்போட்டு நீள வேண்டும். ஆக, திரும்பப் பூக்கும் கொடிரோஜா என்பது பாதி மனதோடு ஏறிப் பாதி மனதோடு பூக்கும் ஒரு சமரசம். மீதிப் பாதியை நீங்கள்தான் கையைக் கிழித்துக்கொண்டு ஈடுகட்ட வேண்டும்.

எந்த ரகம் வாங்குவது? முள் குத்தும் என்ற பயமிருந்தால் 1868ஆம் வருடத்து ஸெஃபிரின் ட்ரூயன். முள்ளே கிடையாது, மணமோ தூக்கும். அதனால் குழந்தைகள் ஓடும் வாசலுக்கு இதைத்தான் எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். சாம்பல் நோயும் கரும்புள்ளி நோயும் இதைத் தேடி வரும் என்பதை மட்டும் மெல்லிய குரலில் சொல்வார்கள். கரும்புள்ளி ஒரு காலத்தில் நகரங்களில் இவ்வளவு இல்லை. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் அந்தப் பூஞ்சையை அடக்கி வைத்திருந்தது. 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்து புகை குறைந்தது. மனிதர்களுக்கு மூச்சு வந்தது, கூடவே பூஞ்சைக்கும். புள்ளியில்லாத இலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் தெரு முழுக்கக் கரி அடுப்பு மூட்டிப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தார் ஒத்துழைப்பு தேவைப்படும்.

நோய்க்கு அவ்வளவாக அசராதது வேண்டுமென்றால் நியூ டான். ஒரே ஒரு தடவை பூக்கிற ஒரு கொடிரோஜா, நர்சரியில் தானாக மனம் மாறித் திரும்பத் திரும்பப் பூக்க ஆரம்பித்ததுதான் இது. 1931இல் அமெரிக்கா செடிகளுக்குக் காப்புரிமை கொடுக்கத் தொடங்கியபோது முதல் எண் இதற்குத்தான். எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் வழியில் போக ஆசையென்றால் மேடம் ஆல்ஃப்ரெட் கேரியர். 1930இல் சிசிங்ஹர்ஸ்ட் என்ற பழைய கோட்டை வீட்டை வாங்கும்போது, பத்திரத்தில் கையெழுத்தாகும் முன்பே அங்கிருந்த சிறு வீட்டின் சுவரோரம் அந்த அம்மாள் இதை நட்டுவிட்டார். பட்டா கைக்கு வராமல் வேலிக்கால்கூட ஊன்றாத பரம்பரையில் வந்த நமக்கு இது அதிர்ச்சிதான். ஆனால் ரோஜா சுவரையே மூடிவிட்டது.

நடும் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. தபாலில் ஒரு நீளப் பொட்டலம் வரும். பிரித்தால் மூன்று குச்சியும் ஒரு பிடி வேரும் இருக்கும். வீட்டில் யாராவது “விறகுக்கா இவ்வளவு பணம்?” என்று கேட்பதற்குள் குழி தோண்டிவிடுங்கள். சுவரை ஒட்டித் தோண்டக் கூடாது. சுவரடியில் மழையே விழாது. ஒன்றரை அடி தள்ளி நட்டு, குச்சிகளைச் சுவர் பக்கம் சாய்த்து, ஒட்டுப் போட்ட முடிச்சு இரண்டு அங்குலம் மண்ணுக்குள் போகும்படி மூடவும். பழைய ரோஜா செத்த இடத்தில் புது ரோஜா வைத்தால் வெகுநாள் முழித்துக்கொண்டு நிற்கும்.

பிறகு கம்பி. கொடி என்று பேர்தானே தவிர, ரோஜாவுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. காட்டில் பக்கத்துப் புதரின் மேல் விழுந்து, வளைந்த முள்ளால் மாட்டிக்கொண்டு மேலே போகும் ஜாதி. சுவரில் மாட்ட ஏதுமில்லை. ஆகவே ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கிடைவாட்டில் கம்பி இழுத்துக் கட்டித்தர வேண்டியது உங்கள் பொறுப்பு. முதல் இரண்டு வருடம் இது நீளுமே தவிரப் பெரிதாக ஒன்றும் பூக்காது. வந்தவர்களிடம் “வேர் பிடிக்கிறது” என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

உண்மையான வேலை வளைப்பதில் இருக்கிறது. விட்டால் தண்டு நேரே மேலே ஓடும். நுனியிலிருந்து இறங்கும் வளர்ச்சி ஊக்கி கீழேயுள்ள மொட்டுகளையெல்லாம் உறங்க வைத்துவிடும். பூவெல்லாம் மழைநீர்க் குழாய்க்கு, உங்கள் கண்ணுக்கு வெறும் காலும் முள்ளும். அதே தண்டைப் பக்கவாட்டில் சாய்த்துக் கம்பியோடு கட்டினால் நுனியின் அதிகாரம் போய்விடும். தண்டு நெடுகக் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடித்து அத்தனையும் பூக்கும். கேட்க எளிது. செய்வது டிசம்பரில். கட்டைவிரல் பருமன் தண்டை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் மெத்தென்ற கயிற்றை எட்டு வடிவில் சுற்றி, முடிச்சுப் போடும் நேரம் பார்த்துக் கையுறை முள்ளில் மாட்டும். கையுறையைக் கழற்றினால் முடிச்சு விழும். முடிச்சு விழுவதற்குள் தண்டு நிமிர்ந்து கன்னத்தில் ஒன்று வைக்கும். போன வருடம் பூத்த பக்கக்கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டும் கவாத்தும் அன்றைக்கே உண்டு. அன்று மாலை வெளியே போகும் திட்டம் வேண்டாம். முகத்தைப் பார்ப்பவர்கள் குடும்பச் சண்டை என்று நினைப்பார்கள்.

ஜூனில் முதல் ஈடு வரும். வரட்டும், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிய பூவை அன்றாடம் வெட்ட வேண்டும்; விட்டால் காய் பிடிக்கும், காய் பிடித்தால் கடமை முடிந்தது என்று செடி கையைக் கட்டிக்கொள்ளும். வெட்டிய இடத்தில் மறுபடி பூ வர ஐந்தாறு வாரம் பிடிக்கும். இந்த இடைவெளியில்தான், ஜூலையில், கோடையைப் பார்க்க மதுரையிலிருந்து மாமியார் வந்து இறங்குவார். ஏணியும் கத்தரியுமாக நிற்கும் உங்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். “ஏன் மாப்பிள்ளை, இது பூக்கிற செடிதானே? நம்ம வீட்டுச் செம்பருத்தி தண்ணிகூட ஊத்தாம தினமும் பூக்குதே.” மறுபூப்பு பற்றிய மரபணு விளக்கத்தை இந்தச் சமயத்தில் எடுக்க வேண்டாம்.

இடைவெளியை மறைக்கக் குடிசைத் தோட்டப் பாணியில் ஒரு வழி உண்டு: காலடியில் லாவண்டர், ஃபாக்ஸ்குளோவ், ரோஜாவின் மேலேயே ஒரு கிளெமாட்டிஸ் கொடி. நெருக்கி வைத்தால் பார்க்க அள்ளும். நெருக்கினால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் கரும்புள்ளி. அதற்கு, மேலே கரிப்புகை பற்றிய பத்தியைப் படிக்கவும்.

முடியவில்லை என்றால் முன்னுதாரணம் இருக்கிறது. கிழக்கு சசெக்ஸில் கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தின் கிறிஸ்டஃபர் லாயிட், தோட்டக்கலையில் பெரிய பெயர், 1993இல் தன் வீட்டுப் பழைய ரோஜாத் தோட்டத்தையே வேரோடு பிடுங்கிப் போட்டார். ரோஜாப் பிரியர்களுக்கு மனம் ஆறவில்லை. அந்த இடத்தில் அவர் வைத்தது வாழையும் கல்வாழையும். வாழைக் கன்றைக் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமாக வைக்க வேண்டும் என்பதை உங்கள் மாமியாரே சொல்லிவிடுவார். குலை தள்ளும், இலை அறுக்கலாம் என்று மட்டும் அவர் பேச்சைக் கேட்டு நம்பிவிடாதீர்கள். இங்கே குளிர் வந்தால் வாழைக்குப் போர்வை சுற்ற வேண்டும், அதே டிசம்பரில், அதே ஏணியில் நின்று.