இரண்டு படிப்புக்கு ஒரு பாராட்டுரை

பொறியியலையும் வணிகத்தையும் ஒரே பட்டத்தில் சேர்த்துத் தரும் படிப்பைக் குறை சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். பாராட்ட ஒருவராவது வேண்டும். அதன் முழுப்பெயர் 'கணினி அறிவியலும் வணிக அமைப்புகளும்'. பிள்ளைகள் வாயில் அது சி.எஸ்.பி.எஸ். பி.டெக். பட்டம், நான்கு ஆண்டுகள். 2018 வாக்கில் இதற்கான பாடத்திட்டத்தை வகுத்துக் கொடுத்தது டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம். இன்று தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் கவுன்சலிங் வழியே இதில் சேரலாம்.

முதல் பாராட்டு அந்தப் பாடத்திட்டத்தின் தொலைநோக்குக்கு. ஒரு காலத்தில் மென்பொருள் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகளைத் திருவனந்தபுரத்துக்கோ மைசூருக்கோ அனுப்பி, தங்க இடம் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுத்து, மாதக்கணக்கில் பாடம் நடத்தின. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, குழுவில் எப்படி ஒத்துப்போவது, ஒரு திட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அங்கே சொல்லித் தரப்பட்டன. படித்தவன் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தான். இப்போது அவற்றில் பெரும்பகுதி கல்லூரிப் பருவங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. வணிகத் தகவல்தொடர்பு என்ற பாடம் ஒரு பருவத்தோடு நிற்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர்கிறது. பொருளாதாரம், நிதி மேலாண்மை, சந்தைப்படுத்தல், மனிதவளம், தகவல் தொழில்நுட்பத் திட்ட மேலாண்மை என்று மற்றவையும் வரிசையாக வருகின்றன. அதே பாடங்களைப் பிள்ளை இன்று கட்டணம் கட்டிப் படிக்கிறான். ஒரு செலவினம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு இவ்வளவு சத்தமில்லாமல் நகர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. வணிகம் கற்பிக்கும் படிப்பு, தன் பிறப்பிலேயே வணிகத்தின் முதல் பாடத்தை நடத்திக் காட்டிவிட்டது.

அடுத்து, கற்பிக்கும் முறை. மேலாண்மைப் பாடத்தில் வரும் ஹென்றி ஃபயோல் பிரான்ஸ் நாட்டின் சுரங்கப் பொறியாளர். 1860இல் பத்தொன்பது வயதில் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நிலத்தடியில் நிலக்கரி தீப்பற்றினால் அதை அணைப்பதில்தான் அவருடைய தொடக்க ஆண்டுகள் கழிந்தன. 1888இல் திவாலாகும் நிலையிலிருந்த அந்தச் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று, முப்பது ஆண்டுகள் நடத்தி, நிமிர்த்திவிட்டு ஓய்வுபெற்றார். ஓய்வுக்கு முன்பே, 1916இல், நிர்வாகத்தில் தான் கண்டதை எழுதினார். அமெரிக்காவின் ஃபிரடெரிக் டெய்லரும் அப்படித்தான். மிட்வேல் எஃகு ஆலையில் கடைசல் பட்டறைக் கூலியாளாகத் தொடங்கித் தலைமைப் பொறியாளர் ஆனவர். அவருடைய புத்தகம் 1911இல் வந்தது. பொறியியலும் நிர்வாகமும் ஒரே மனிதனுக்குள் கலந்ததற்கு இவர்களைவிடச் சிறந்த சான்று கிடையாது.

நம் வகுப்பறை இவர்களைக் கைவிடவில்லை. ஃபயோலின் 14 கொள்கைகள் தலைப்பும் விளக்கமுமாக 13 மதிப்பெண் வினாவாக வருகின்றன. டெய்லருக்கும் இடமுண்டு. சில சமயம் 2 மதிப்பெண், சில சமயம் ஒப்பிடுக. கரிப்புகையிலும் உலைச்சூட்டிலும் ஐம்பது ஆண்டுகள் சேர்த்த அறிவை அடிக்கோடிட்ட நாலு பக்கத்தில் அடக்கி, தேர்வுக்கு முந்தைய இரவில் ஏற்றி, மறுநாள் பகல் ஒரு மணிக்குள் இறக்கிவைக்கும் திறமை நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அந்தத் திறமை பெரியது. அதை வேறொரு வேலைக்குக் கொடுத்திருந்தால் அவர்கள் என்னவெல்லாம் செய்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் உள்ள மதிப்பு இன்னும் கூடுகிறது.

கல்லூரிப் பேருந்துகளையும் சொல்ல வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை வழியாக, இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலை வழியாக, கோவையில் பம்பு செட் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் நெருங்கிய தெருக்கள் வழியாக, அவை காலையும் மாலையும் தவறாமல் போய்வருகின்றன. ஒரு நாளும் நடுவில் நின்றதில்லை. உள்ளே இருப்பவன் அன்று காலை முதல் வகுப்பில் விநியோகச் சங்கிலி பற்றிப் படிக்கப் போகிறான். வெளியே ஒரு பட்டறைக்காரர் வார்ப்பு வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருக்கிறார். பெரிய கம்பெனியிடமிருந்து தொண்ணூறு நாளாக பில் பணம் வராமல், வங்கியில் மிகைப்பற்று வாங்கி ஆட்களுக்குக் கூலி போடுகிறவர் அவர். பாடமும் அதன் பொருளும் ஒரு கண்ணாடி இடைவெளியில், நான்கு ஆண்டுகள், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் கடந்து போகின்றன. இந்த ஒழுங்கைக் குலைக்க யாரும் முயன்றதில்லை.

இதே கண்ணியம் வீட்டுக்குள்ளும் உண்டு. இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஹார்டுவேர் கடை, மளிகை, ஜவுளி, வாடகைப் பாத்திரக் கடை. யாருக்குக் கடன் தரலாம், யாருக்கு ரொக்கம் மட்டும், தீபாவளிக்கு எத்தனை நாள் முன்னால் கொள்முதல் செய்தால் சரக்கு தேங்காது, கைமாத்து வாங்கியதை எந்த வாரம் திருப்பினால் நாளை மறுபடி கிடைக்கும் என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். அந்த நோட்டுப் புத்தகம் ஒரு நாளும் வகுப்புக்கு அழைக்கப்பட்டதில்லை. அமெரிக்கக் காப்பிக் கடையும் கைப்பேசி நிறுவனமும் எடுத்துக்காட்டுகளாக இருக்கும்போது, அப்பாவைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்ற பெருந்தன்மை அது. பையனும் அந்தப் பெருந்தன்மையைக் கற்றுக்கொண்டு, விடுமுறையில் கல்லாவில் உட்காரக் கூச்சப்படுகிறான்.

ஆனால் எல்லாப் பாடங்களையும்விட எனக்கு வியப்பளிப்பது சரக்கு இருப்புப் பாடம். தேவைப்படும் பொருள், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் மட்டும் வர வேண்டும் என்பது டொயோட்டா உலகுக்குக் கொடுத்த முறை. அதுவரை சரக்கு வழங்குநரின் கிடங்கில், வழங்குநரின் செலவில் இருந்தால் வாங்குபவருக்கு லாபம். பிள்ளைகள் இதைக் கணக்குப் போட்டு விடையும் எழுதுகிறார்கள். பிறகு ஏழாம் பருவத்தில் பிளேஸ்மென்ட் வருகிறது. கடிதம் வருகிறது, ஊரே வாழ்த்துகிறது. சேரும் தேதி மட்டும் சில ஆண்டுகளில் உடனே வருவதில்லை. மாதங்கள் போகின்றன. அந்த மாதங்களில் அந்தப் பட்டதாரி எங்கே இருக்கிறான்? வழங்குநரின் கிடங்கில், வழங்குநரின் செலவில். அம்மா மூன்று வேளையும் சோறு போடுகிறாள். கரும்பலகையில் படித்ததை வீட்டுத் திண்ணையிலேயே செய்முறையாகக் காட்டிக் கொடுக்கும் படிப்பு வேறு எது இருக்கிறது?

நிதி மேலாண்மையும் வீண்போவதில்லை. பணவீக்கம் படித்தவன், பணத்தின் காலமதிப்பு படித்தவன். மென்பொருள் சேவை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்பதை அவனே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். அவனுக்குப் பத்தாண்டு மூத்த அண்ணன் வாங்கிய அதே தொகை, அண்ணன் வாங்கிய அரிசியை வாங்காது. இதை யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை. வரலாறு படித்த பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. அவன் ஏமாந்ததை உணர்வதோடு நின்றுவிடுவான். இவனால் எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியும்.

கல்விக்கடனையும் இந்தப் படிப்பின் பகுதியாகவே கருத வேண்டும். 4 லட்சம் வரை பிணை வேண்டாம், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள், வட்டி மட்டும் அதன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பது இங்கே மாதாமாதம் குறுஞ்செய்தியாக வருகிறது. பாடம் அப்போதுதான் நன்றாகப் பதிகிறது.

இந்த ஏற்பாட்டில் யாருடைய பங்கும் மறக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படிப்பை வகுத்த நிறுவனத்தின் பெயர் கல்லூரி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டச் சான்றிதழில் இருக்கிறது. அப்பாவின் பெயர் கடன் பத்திரத்தில், மகனின் பெயருக்குப் பக்கத்தில், கூட்டுக் கடனாளி என்ற இடத்தில் இருக்கிறது.