செல்லாக்காசு

ஒரு பைசாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டன. உண்டியலில் போட்டால் சாமிகூடத் தொடாது. ரயில்வே அமைச்சகம் இருக்கும் ரயில் பவனுக்கு மட்டும் அது இன்னும் செல்லும். 2025 ஜூலை 1 முதல் மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஏ.சி. இல்லாத பெட்டிகளுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள். சில்லறை போதவில்லை போலும். டிசம்பர் 26 முதல் இன்னும் இரண்டு பைசா. எழும்பூரில் ஏறித் திருநெல்வேலியில் இறங்குகிற ஸ்லீப்பர் பயணிக்கு இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இருபது ரூபாய்.

"இருபது ரூபாய்க்கா இந்தக் கூப்பாடு?" என்பீர்கள். ஐயா, கூப்பாடு காசுக்காக அல்ல, அது வந்த வழிக்காக.

1924-இல் தொடங்கி 2016 வரை ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. கட்டணம் ஏற வேண்டுமென்றால் பெரும்பாலும் அமைச்சர் சபையில் எழுந்து நின்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. 2012-இல் அப்படிச் சொன்ன தினேஷ் திரிவேதியின் பதவியை அவருடைய சொந்தக் கட்சியே பறித்தது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று 2017-இல் ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டில் பெருங்காயமாகக் கரைத்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2020 ஜனவரி உயர்வு, ஊரே புத்தாண்டுக்குக் கேக் வெட்டக் காத்திருந்த டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலை உயர்வு, மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குமுன் வந்தது. டிசம்பர் உயர்வின் அறிவிப்போ, குளிர்காலக் கூட்டத்தொடர் முடிந்த இரண்டாம் நாள். வீட்டுக்காரர் அசந்த நேரம் பார்த்து வந்து போகிறவருக்குத் தமிழில் அமைச்சர் என்று பெயரில்லை.

முதியவர்களிடம் இந்தச் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதமாக இருந்த சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை மட்டும் இன்னும் தனிமைப்படுத்தலில் இருக்கிறது. அதே சாக்கில் பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில், தேர்தல் வாசற்படியில் நின்றபோது, சத்தமில்லாமல் 10-க்கு இறங்கியது. ஆக, தாத்தா பாட்டிகள் செய்ய வேண்டியது ஒன்றே: நல்லதொரு தேர்தல் வரும்வரை உயிரோடிருங்கள்.

கொஞ்ச காலம் முன்பு பயணச்சீட்டிலேயே ஒரு குத்தல் அச்சாகி வந்தது: உங்கள் கட்டணத்தில் 43 சதவீதத்தை நாட்டின் சாமானிய மக்கள் சுமக்கிறார்களாம். கழிப்பறை வாசலில் துண்டை விரித்து, விழுப்புரம் தாண்டியும் கால் நீட்ட முடியாமல் வருகிறவன் அதைப் படித்துக் கூனிக்குறுக வேண்டும். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வரி கட்டுகிற அந்தச் சாமானியன் வேறு யார்? இவனைச் சுமப்பவனும் இவனேதான்.

சரி, இப்படிச் சேர்கிற பணம் நமக்குத் தண்டவாளமாகவாவது வருகிறதா? வருகிறது. ஈரோடு–பழனி புதிய பாதை 91 கிலோமீட்டர். சில ஆண்டுகளில் பட்ஜெட்டின் பிங்க் புத்தகம் அதற்கு ஒதுக்கிய தொகை ஆயிரம் ரூபாய். கோடி விட்டுப்போகவில்லை, வெறும் ஆயிரம். திட்டம் சாகவில்லை என்று காட்ட வாயில் விடுகிற பால் அது. கிலோமீட்டருக்குப் பதினோரு ரூபாய் விழுகிறது. பாதை போட வருகிறவர் நல்ல டீ ஒன்று குடிக்கக் காணாது. ஜல்லிக்கு எங்கே போவது? பயணியிடம் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா என்று இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, கிலோமீட்டருக்கு எத்தனை கோடி என்ற கணக்கு மட்டும் பழனி மலையடிவாரத்தில் மறந்துபோகிறது.

ஒரு பைசா நாணயம் செல்லாமல் போன தேதி நமக்குத் தெரியும். ரயில் பவனில் இருந்த மற்ற நாணயம் எப்போது செல்லாமல் போனது? அதையும் கூட்டத்தொடர் இல்லாத ஒரு நாளில்தான் அறிவித்திருப்பார்கள்.