பூனைக்கு இழுப்பு

கேள்வி: ஐயா, எங்கள் பூனைக்கு ராத்திரியானால் இழுப்பு. பக்கத்து வீட்டு ஆச்சி, கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணைப் பூசச் சொல்கிறார். பூசலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: புற்றுமண்ணை ஆச்சி தாராளமாக இட்டுக்கொள்ளட்டும். பூனைக்குத் தூசுதானம்மா எதிரி. விசைத்தறி ஓடுகிற ஊர் உங்களுடையது. வீட்டோடு தறி இருந்தால், பஞ்சு பறக்கும் அறையில் அதைப் படுக்க விடாதீர்கள். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாம் அதற்கு ஆகாது. வீட்டில் யாராவது பீடி பிடித்தால் அவரைத் தெருவுக்கு அனுப்புங்கள். பூனையை அனுப்புவதைவிட அது சுலபம்.

தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி இருமுகிறதா? முடி சிக்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவோம். இருமி இருமி ஒன்றுமே கக்கவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் போனதும் பூனை பரம சாதுவாகிவிடும். நெல்லை இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பூனையின் முகத்தில் குட்டி முகமூடி வைத்து இன்ஹேலர் கொடுக்கும் வசதியெல்லாம் வந்தாயிற்று. பழகும்வரை நம் கைதான் கீறலாகும்.

நெஞ்சில் தைலம் தேய்க்காதீர்கள். நக்கியே உள்ளே தள்ளிவிடும். பாராசிட்டமால் கூடவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். ஆடித்தபசுக் கூட்டமே எதிரே வந்தாலும் சரி, ஆட்டோ பிடித்துவிடுங்கள்.