செருப்பு எந்த மாடியில்?

கே: ஆங்கில உச்சரிப்பு பற்றி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். கல்லூரியில் கருவியும் இல்லை, காசும் இல்லை. என்ன செய்ய?

ப: கேள்வி இருக்கிறதா? அது போதும். வில்லியம் லபோவ் மை தயாரிக்கும் வேலையை விட்டுவிட்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். 1962 நவம்பரில் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். சாக்ஸ் பணக்காரர்களுக்கு, மேசிஸ் நடுத்தரக் குடும்பங்களுக்கு, எஸ். கிளைன் மலிவு விலைக்கு. நாலாவது மாடியில் என்ன விற்கிறது என்று தெரிந்துகொண்டு, கீழே உள்ள விற்பனையாளரிடம் "பெண்கள் செருப்பு எங்கே?" என்பார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். காதில் விழாதவர் போல முன்னால் குனிந்து மறுபடி கேட்பார். இந்த முறை அதே பதில் அழுத்தந்திருத்தமாக வரும். நன்றி சொல்லி நகர்ந்து, அவர் கண்ணில் படாத இடத்தில் குறித்துக்கொள்வார். நாலாவது மாடியிலேயே நிற்பவரிடம், "இது எத்தனாவது மாடி?"

இரண்டு சொல்லில் இரண்டு 'ர்'. அது ஒலிக்கிறதா, விழுங்கப்படுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மொத்தம் 264 பேர். ஒருமுறையாவது 'ர்' ஒலித்தவர்கள் சாக்ஸில் 62 சதவீதம், மேசிஸில் 51, கிளைனில் 20. விற்றவர்கள் யாரும் கோடீஸ்வரர்கள் இல்லை. வாங்க வருபவர்களின் அந்தஸ்து விற்பவர்களின் நாக்கில் ஏறியிருந்தது! மாணவர் ஆராய்ச்சியில் இதைவிட அழகானதை நான் படித்ததில்லை.

கே: அதை நம் ஊரில் எப்படிச் செய்வது?

ப: ரீசார்ஜ் கடையில் செல்போன் எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். சரிபார்க்க அவர் வாய்விட்டுப் படிப்பார்: 'ஜீரோ'வா, 'ஸீரோ'வா? எண்ணை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், உங்கள் உச்சரிப்பு அவருக்கு ஒட்டிக்கொள்ளும்.

கே: நாளிதழ் வடிவமைப்பில் ஆராய என்ன இருக்கிறது?

ப: ஒரு அடிக்கோலை எடுத்து முதல் பக்கத்தை அளந்து பாருங்கள். தலைப்பு, படம், செய்தி, விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதுர செ.மீ.? மடித்து வைத்தால் கடையில் கண்ணில் படும் மேல்பாதியைத் தனியாகக் கணக்கிடுங்கள். பழைய இதழ்களோடு ஒப்பிட்டால் இன்னும் சுவை. ஒருகாலத்தில் முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான். லண்டன் 'டைம்ஸ்' அங்கே செய்தி போடத் தொடங்கியது 1966 மே 3-ல். நம் சென்னை 'இந்து' 1958-லேயே மாறிவிட்டது.

கே: அடுத்தவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

ப: அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல் வெளியிட்ட கணக்குப்படி, நெருங்கியவர்களுக்கு ஒன்றரை அடிக்குள், நண்பர்களுக்கு நாலடி வரை, அலுவல் பேச்சுக்கு 12 அடி வரை. ஆனால் அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க வடகிழக்கின் நடுத்தர வர்க்கத்தை. அந்த அட்டவணையை அப்படியே எடுத்து எழுதி, நம் பஸ் ஸ்டாண்டுக்குப் பொருத்தும் ப்ராஜெக்ட்டுகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நீங்களே அளந்து பாருங்கள்; நடைமேடையின் தரைக்கல்லே அளவுகோல். ஒரு கல்லை அளந்துகொண்டால், இருவருக்கு இடையே எத்தனை கல் என்று தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம்.

கே: சொல்லாமல் கவனிப்பது தப்பில்லையா?

ப: நல்ல கேள்வி. கலிஃபோர்னியாவில் நான்சி ஃபெலிப் என்ற ஆய்வாளர், நூலகத்தில் தனியே படித்துக்கொண்டிருந்த பெண்களின் பக்கத்தில் மிக நெருக்கமாகப் போய் உட்கார்ந்தார். அரை மணிக்குள் 70 சதவீதம் பேர் எழுந்து போய்விட்டார்கள். பயன்மிக்க ஆய்வு, ஆனால் அவர்கள் பட்ட சங்கடம் நிஜம். பொது இடத்தில், பெயரோ முகமோ பதியாமல், தள்ளி நின்று எண்ணுங்கள். யாரையும் நெருங்குவதாக இருந்தால் ஆசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.